பழுத்த கரி

பெட்டிக்காரருக்குக் கோபம் வந்தால் தெருவுக்கே கேட்கும். ஆனால் அந்தக் கோபத்துக்குப் பயந்து யாரும் ஓடியதாகச் சரித்திரம் கிடையாது. கத்திக்கொண்டே சட்டைக் காலரைத் தேய்ப்பார். கத்தல் முடியும்போது சட்டையும் மடிந்திருக்கும். அடுத்த சட்டையை உதறிப் போடும்போது எதற்குக் கத்தினோம் என்பது அவருக்கே மறந்துபோயிருக்கும். தெருமுனையில் ஒரு தகரக் கூரை, அதன் கீழே கம்பளி விரித்த மேஜை, மேஜை மேல் கரி போட்ட இஸ்திரிப் பெட்டி, பக்கத்திலேயே ஒற்றை அறை வீடு. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவருடைய உலகம் இவ்வளவுதான்.

அந்த வருஷம் மட்டும் கோபம் ஆறவில்லை. எட்டு வயது மகளுக்கு மூச்சு இளைக்க ஆரம்பித்திருந்தது.

மழை நின்று காற்று வறண்டதும் முதலில் இருமல் வந்தது. இருமல் அப்போது எல்லா வீட்டிலும்தான் இருந்தது. பிறகு மூச்சு விடும்போது நெஞ்சுக்குள்ளிருந்து மெல்லிதாகச் சீட்டியடிக்கும் சத்தம் கேட்டது. பிள்ளை அதைப் பெரிய வித்தையாக எடுத்துக்கொண்டாள். வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, தன் முதுகில் காதை வைத்துக் கேட்கச் சொன்னாள். "உள்ள ஒரு ஆளு விசிலடிச்சிட்டே இருக்கான். நான் தூங்கினாலும் அவன் தூங்க மாட்டான்" என்று கதை வேறு. அதிலிருந்து தெருவில் அவளுக்கு விசிலு என்று பேர் நின்றுவிட்டது. அம்மாவுக்கு அந்தப் பேர் பிடிக்கவில்லை. பிள்ளைக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஒருநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குத் தலை வாரிக்கொண்டிருக்கும்போதே உதடு நீலம் பூத்துப் பேச்சு நின்றுபோயிற்று. கண்ணால் மட்டும் அப்பாவைக் கெஞ்சினாள். பெட்டிக்காரர் அவளைத் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் ஓடினார். எதிரே இருந்த லாரி ஷெட்டின் மெக்கானிக், ரிப்பேருக்கு வந்து நின்ற யாருடைய லாரியையோ கிளப்பி, அவர்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். வழியெல்லாம் கறுப்பாகப் புகை கக்கிக்கொண்டு போன அந்த லாரியால்தான் பிள்ளை அன்றைக்குப் பிழைத்தாள்.

டாக்டரம்மா நல்ல மனுஷி. ஆனால் வெளியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கூட்டத்தைப் பார்த்துப் பார்த்து, அவர் கேள்விகளும் ஓட்டமாகத்தான் வந்தன.

"வீட்டுல யாராவது சிகரெட் பிடிப்பாங்களா?"

"இல்லீங்க."

"விறகு அடுப்பா?"

"கேஸுங்க. அதுவும் சமையல் பின்னால பொது நடையிலதான்."

"கொசுவத்தி?"

"அதையும் நிறுத்தியாச்சுங்க."

"வீட்டைச் சுத்தி என்ன இருக்கு?"

இந்தக் கேள்விக்குத்தானே பெட்டிக்காரர் காத்திருந்தார். "எதிர்ல லாரி ஷெட்டுங்க. அதை ஒட்டி ஒருத்தர் பழைய டயரை எரிச்சுக் கம்பி எடுக்கிறாரு. பின்னால பேக்கரி. பெயிண்ட் அடிச்ச பழைய பலகையெல்லாம் அடுப்புல போடுறாங்க. குப்பைமேடு நினைச்சப்பெல்லாம் தானா பத்திக்குது. இதெல்லாம் போதாதுன்னு அனல் மின் நிலையத்துப் புகைபோக்கி. காலையில எங்க வீட்டு ஜன்னல் கட்டையில விரலால பேர் எழுதலாங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இதுல எதைன்னு நான் சொல்றது? லாரிப் புகை, டயர் புகை, சாம்பல், ரோட்டுத் தூசி, எல்லாமே அவ நெஞ்சுக்கு ஆகாது. வேற எங்கயாவது போய் இருக்க முடியுமா?"

"எங்கங்க போறது? வாடிக்கையெல்லாம் இங்கதான்."

"அப்ப வீட்டையாவது பாத்துக்கங்க. தூசி, புகை ஒண்ணும் உள்ள வரக்கூடாது. இன்னொரு தடவ இந்த அளவுக்கு வந்தா பிள்ளை தாங்க மாட்டா. நான் பயமுறுத்துறேன்னு நினைக்காதீங்க."

அந்த வாடிக்கை என்ன வாடிக்கை, என்ன தொழில் என்று அவர் கேட்கவில்லை. இவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. மூச்சு முட்டினால் இழுப்பதற்கு ஒரு இன்ஹேலரைக் கொடுத்து அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டிக்காரர் தெருவோடு சண்டைக்குக் கிளம்பினார். முதலில் மாட்டியது கம்பிக்காரர். டயரை எரித்து, மிஞ்சும் கம்பியைச் சுருட்டி விற்கும் மனுஷன். தலைமுடியும் புருவமும் கருகிப்போய், ஆளே எரிந்து மிஞ்சியதுபோல இருப்பார்.

"யோவ், உனக்கு மனசாட்சி இருக்கா? பச்சைப் பிள்ளைய்யா அது."

"டயர எரிக்காம கம்பிய நாக்காலயா எடுக்கிறது? நீயே சொல்லு."

"எங்கயாவது ஊருக்கு வெளிய கொண்டுபோய் எரி."

"ஊருக்கு வெளியவும் ஆளுங்க இருக்காங்கப்பா. அங்கேருந்து துரத்தித்தான் இங்க வந்தேன்." கம்பிக்காரர் துப்பிவிட்டுச் சிரித்தார். "ஆமா, என்னைக் கேக்கிறியே, உன் பெட்டியில வர்றது என்ன, பன்னீரா?"

இதுதான் பெட்டிக்காரரைச் சுட்டது. "என் பெட்டியில புகை காட்டுய்யா பாப்போம்! பழுத்த கரிய்யா அது. வெள்ளைச் சட்டை மேல வச்சு இழுக்கிறது. புகையிற கரிய வச்சா ஒருத்தன் துணி குடுப்பானா எனக்கு?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்தத் தொழிலுக்கு முதல் பாடமே அதுதான். கரியைச் சட்டியில் பற்றவைத்து, அட்டையால் விசிறி, முதலில் வரும் பச்சைப் புகை எல்லாம் போகும்வரை காத்திருக்க வேண்டும். கறுப்பு போய், சிவப்பு வந்து, சிவப்பின் மேல் வெள்ளையாகச் சாம்பல் படர வேண்டும். அப்போதுதான் கரி பழுத்தது என்று அர்த்தம். அதன் பிறகே பெட்டிக்குள் போடுவார். போட்டபின் பெட்டியை ஊஞ்சல்போல ஆட்டி, உதிர்ந்த சாம்பலை ஊதிவிட்டு, ஈர விரலால் அடியைத் தொட்டு, சுர்ரென்று கேட்டதும் துணியில் வைப்பார். பழுத்த கரி சுத்தமான கரி, புகை போய்விட்டால் பயமில்லை. அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் இப்படித்தான் சொன்னார். இவரும் மனைவிக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்.

பேக்கரி முதலாளியிடம் போனார். முதலாளி எழுந்து நின்று மரியாதையாக எல்லாம் கேட்டுவிட்டு, பிள்ளைக்கு என்று சூடாக இரண்டு பன்னைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு சண்டை போட முடியுமா? திரும்பி வந்துவிட்டார். கடைசியாக மெக்கானிக். பிள்ளையைக் காப்பாற்றியவன் என்பதால் குரல் அவ்வளவாக எழும்பவில்லை.

"தம்பி, வண்டிய உறுமவிட்டுக்கிட்டே நிக்கிறியே, கொஞ்சம் குறைக்கலாம்ல?"

"அண்ணே, நான் என்ன ஆசைக்கா புகை விடுறேன்? இஞ்சின் ஓடினாத்தான் நோவு எங்கன்னு தெரியும். உங்க டாக்டரம்மாவும் பிள்ளைய இழுத்து மூச்சு விடச் சொல்லித்தானே பாத்தாங்க?"

"சரி, பின்பக்கத்தையாவது அந்தாண்ட திருப்பி வையேன்டா."

"அந்தாண்ட பள்ளிக்கூடம்ணே. உங்க பொண்ணு பகலெல்லாம் அங்கதானே இருக்கா?"

பெட்டிக்காரர் தலையைச் சொறிந்தார். மெக்கானிக்கும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். சிரிப்பதா வேண்டாமா என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

அடுத்த நாள் மெக்கானிக் தானாகவே வந்தான். கையில் லாரி டயரின் பழைய டியூப்பை நீளநீளமாக வெட்டிய ரப்பர் பட்டைகள், சுத்தியல், ஒரு பொட்டலம் ஆணி. "புகைய நிறுத்த என்னால முடியாதுண்ணே. உள்ள வராம பண்ணலாம்" என்றான். கதவு நிலையைச் சுற்றிலும் பட்டையை வைத்து அடித்தான். கதவை இழுத்துச் சாத்தினால் ரப்பர் கவ்விக்கொண்டது. திறக்கும்போது பச்சக் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே விசிலு அன்று முழுவதும் கதவைத் திறந்து திறந்து மூடினாள்.

ஜன்னலை அம்மா பார்த்துக்கொண்டாள். மாவுப் பசை காய்ச்சி, செய்தித்தாளை இரண்டு மடிப்பாக ஒட்டினாள். மேலே இருந்த காற்றுத் துவாரத்தில் பழைய தலையணையைத் திணித்தார்கள். மாடியில் தையல் மிஷின் போட்டிருந்த அக்கா இறங்கி வந்து பார்த்துவிட்டு, "ஒரு ஊசி நுழையாது போலிருக்கே" என்றாள்.

"நுழையக் கூடாதுக்கா. அதுக்குத்தானே" என்றாள் அம்மா.

அது வேலையும் செய்தது. இதைச் சொல்லியாக வேண்டும். காலையில் ஜன்னல் கட்டையைத் தொட்டால் விரல் வெள்ளையாகவே இருந்தது. பிள்ளை படுத்தால் தூங்கினாள். விசில் குறைந்தது. இன்ஹேலரை இழுப்பதும் குறைந்தது. மருந்து பாதி, ரப்பர் பாதி என்று பெட்டிக்காரர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். டாக்டரம்மாவே கேட்டுவிட்டு, "நல்லா பண்ணியிருக்கீங்க" என்றார். அந்த வார்த்தையை வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் கொடுத்தபோது, அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆம்பளை முன்னால் அழக்கூடாது என்று அவளுக்கு ஒரு கொள்கை.

இப்படி இருக்கும்போதுதான் லாட்ஜிலிருந்து துணி திரும்பி வந்தது.

பெரிய வாடிக்கை அது. படுக்கை விரிப்பு, தலையணை உறை, சர்வர்களின் கோட்டு, எல்லாம் வெள்ளை. தேய்த்து மடித்த விரிப்புகளின் மடிப்புக்குள்ளே மிளகைத் தூவியதுபோலக் கரும்புள்ளிகள். மேனேஜர் கோபப்படக்கூட இல்லை. "வெள்ளைய வெள்ளையா குடுக்க முடியலன்னா சொல்லிடுங்க, மிஷின் லாண்டரி இருக்கு" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார். தகரக் கூரைக்குக் கீழே தேய்க்கத் தேய்க்க மேலிருந்து சாம்பல் விழுந்துகொண்டேயிருந்தால் மனுஷன் என்ன செய்வான்? பெட்டிக்காரர் மேஜைமேல் பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டிப் பார்த்தார். சூட்டில் அது உருகித் தொங்கியது.

"உள்ள வச்சே தேய்க்கலாமே" என்றாள் மனைவி. "தூசி இல்லாத இடம் இந்தத் தெருவுலயே நம்ம வீடு ஒண்ணுதான். பிள்ளையையும் கண்ணு முன்னால வச்சுக்கலாம். எதுக்கு இப்படி வெளியவும் உள்ளவும் ஓடிக்கிட்டு இருக்கணும்?"

"கரிய எப்படி உள்ள கொண்டுபோறது? பிள்ளைக்குப் புகை ஆகாதே."

"வெளிய பத்த வச்சுப் பழுக்க வச்சிட்டு உள்ள எடுத்துட்டுப் போவோம். பழுத்த கரியில ஏது புகை?"

பெட்டிக்காரர் யோசித்தார். யோசிக்காமல் செய்தார் என்று யாரும் சொல்லக் கூடாது. ஒரு சட்டி கரியைப் பழுக்க வைத்து அறைக்குள் கொண்டுபோனார். பிள்ளையை வெளியே நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, இருட்டில் டார்ச் அடித்து, கரிக்கு மேலே வெளிச்சத்தில் ஏதாவது நெளிகிறதா என்று பார்த்தார். மூக்கால் இழுத்துப் பார்த்தார். ஒன்றுமே இல்லை. வெளியே வந்து மனைவியிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

"நல்லா கேட்டுக்க. ஒரு இழை புகை தெரிஞ்சாலும் வாசலைத் தாண்டக் கூடாது. அவசரம், ஆத்திரம் எதுவா இருந்தாலும் சரி. கரி வெள்ளை கட்டின பிறகுதான் உள்ள."

"எனக்குத் தெரியாதா? எத்தனை வருஷமா இதே வேலை பாக்கிறேன்."

அவள் அந்தச் சொல்லை ஒருநாளும் மீறவில்லை. எத்தனை அவசரமானாலும் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கடைசிக் கறுப்பும் வெளுக்கும்வரை விசிறிவிட்டுத்தான் சட்டியைத் தூக்கினாள்.

மேஜையைக் கழற்றி உள்ளே போட்டார்கள். கட்டிலுக்கும் மேஜைக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கலாம். பெட்டி ஆறினால் மாற்றிப் போட, மூலையில் இரும்புச் சட்டியில் மீதிக் கரி. விரிப்புகள் பளிச்சென்று மடிந்து அடுக்கேறின. விசிலு தலையணை உறைகளை நான்காக மடித்துக் கொடுப்பாள், சூடு ஆறாத விரிப்பில் கன்னத்தை வைத்துக்கொள்வாள். "இது வெயில் வாசனை" என்பாள். வெயிலே தெரியாத ஊரில் பிள்ளை அதை எங்கே கண்டாளோ.

தலைவலி வந்தது. பெட்டிக்காரருக்கு முதல் நாளே வந்தது. டீ குடிக்காததால் என்று நினைத்து, வெளியே போய்க் குடித்தார், போய்விட்டது. மனைவிக்கும் வந்தது. துணி கொடுக்கப் போய்விட்டு வந்தால் சரியானது. பிள்ளை ஒருமுறை, "அம்மா, தலைக்குள்ள யாரோ தட்டுறாங்க" என்றாள்.

"நெஞ்சுல இருந்த ஆளு மேல ஏறிட்டான் போல" என்று அப்பா சொல்ல, மூன்று பேரும் சிரித்தார்கள். அன்று சாயங்காலம் பள்ளித் தோழி வந்து கூப்பிட, கதவு கொஞ்ச நேரம் திறந்தே கிடந்தது. தலைவலி தீர்ந்தது. அதை யாரும் அதோடு சேர்த்து நினைக்கவில்லை. எப்படி நினைப்பார்கள்? தலைவலிக்கு அந்த வீட்டில் பசி, தூக்கமின்மை, கவலை என்று ஆயிரம் காரணம் இருந்தது.

பிறகு காற்று அசையாமல் நின்ற அந்த நாள் வந்தது. குப்பைமேடு முந்தின நாளே பற்றிக்கொண்டிருந்தது. அந்தப் புகை மேலே போகாமல், லாரிப் புகையோடும் புகைபோக்கிச் சாம்பலோடும் சேர்ந்து தெருவிலேயே உட்கார்ந்துகொண்டது. எதிர் ஷெட்டு தெரியவில்லை. சூரியன் அழுக்குப் பித்தளைத் தட்டாகத் தொங்கியது. ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஒன்று மெதுவாக வந்தது. காற்று மோசமாக இருக்கிறது, பள்ளிக்கூடம் விடுமுறை, பிள்ளைகளை வெளியே விடாதீர்கள், கதவு ஜன்னல்களை மூடி வையுங்கள் என்று சொல்லிக்கொண்டே போனது. சொன்னவருக்கே நடுவில் இருமல் வந்தது.

"கேட்டியா? அரசாங்கமே சொல்லுது, நாம பண்ணினதுதான் சரின்னு" என்றார் பெட்டிக்காரர்.

வண்டிகள் ஓடாததால் ஊருக்கு வந்தவர்கள் கிளம்ப முடியாமல் லாட்ஜ் நிரம்பியிருந்தது. விரிப்பு அவசரம் என்று காலையிலேயே மூட்டை மூட்டையாக இறக்கிவிட்டார்கள். மனைவி வழக்கத்தைவிட அதிகமாகக் கரி பழுக்க வைத்தாள். வாயில் துணியைக் கட்டிக்கொண்டு புகைமூட்டத்துக்குள் உட்கார்ந்து விசிறி, வெள்ளை கட்டியதும் சட்டியை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே கொண்டுபோனாள். பச்சக் என்று கதவு மூடியது.

முதல் மூட்டை முடிந்ததும் பெட்டிக்காரர் அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு லாட்ஜுக்குப் போனார். பாதி வழி உருட்டிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. கண் எரிந்தது. இருமி இருமி வயிறு பிடித்துக்கொண்டது. நல்லவேளை, பிள்ளை இந்தக் காற்றில் இல்லை என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டார். அந்த நினைப்புதான் அவரைத் தள்ளிக்கொண்டு போனது.

இரண்டாவது மூட்டையை எடுக்கத் திரும்பி வந்தபோது உச்சிப்பொழுது. மாடி அக்கா படியில் நின்று, "இந்தக் காத்துல எதுக்கு தம்பி அலையறே?" என்றாள். "மூட்டை கிடக்குதுக்கா" என்று சொல்லிவிட்டுக் கதவை இழுத்தார்.

அறை கதகதப்பாக, இருட்டாக இருந்தது. வெளியிலிருந்து வந்த மூக்குக்கு உள்ளே காற்று தேன்போல இருந்தது. புகை இல்லை, நாற்றம் இல்லை, தேய்த்த துணியின் வாசனை மட்டும்தான். மனைவி கதவோரம் தரையில் தலைக்குக் கை வைத்துப் படுத்திருந்தாள். மேஜையில் ஒரு தலையணை உறை பாதி தேய்த்தபடி கிடந்தது. பெட்டியை ஒழுங்காக நிமிர்த்தி வைத்திருந்தாள். வேலையைப் பாதியில் விட்டுப் படுக்கிறவள் இல்லையே என்று தோன்றியது. விடியுமுன்னே எழுந்தவள், அசந்திருப்பாள் என்று அடுத்த நொடியே தோன்றியது.

மூலையில் இருந்த சட்டியைக் குனிந்து பார்த்தார். சாம்பலுக்கு அடியில் சிவப்பாகக் கரி. ஒரு இழை புகை கிடையாது. கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டார்.

பிள்ளை கட்டிலில் சுவரைப் பார்த்து ஒருக்களித்துக் கிடந்தாள். பெட்டிக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உற்றுக் கேட்டார். விசில் சத்தம் இல்லை. சுத்தமாக இல்லை. முகத்தைக் கொஞ்சம் எட்டிப் பார்த்தார். இத்தனை மாதமாகச் சாம்பல் பூத்துக் கிடந்த உதடு சிவந்திருந்தது. கன்னத்திலும் அப்படி ஒரு நல்ல நிறம். ஊரே மூச்சு முட்டிச் சாகிற நாளில் தன் பிள்ளை இப்படித் தூங்குகிறாளே என்று அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வருஷத்தில் அவர் சந்தோஷப்பட்டது என்று ஒன்று உண்டானால் அது அந்த நேரம்தான். காலடியில் கிடந்த விரிப்பை எடுத்து அவள் மேல் போர்த்தினார். மூட்டையைச் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, கதவைச் சாத்தினார்.

மறுபடி அவர் திரும்பியபோது மெக்கானிக்கும் கூட வந்தான். சைக்கிளில் செயின் அறுந்து, அவன்தான் பாதி வழியிலிருந்து உருட்டிக்கொண்டு வந்தான். "ஒரு டீ போடச் சொல்லுங்கண்ணே" என்றான். பெட்டிக்காரர் கதவைத் திறந்து மனைவியைக் கூப்பிட்டார். அவள் வாந்தி எடுத்து, அதன் மேலேயே முகம் பட, கண் பாதி திறந்து கிடந்தாள். நாக்குக் குழறி என்னவோ சொன்னாள். பிள்ளை அவர் போர்த்திய விரிப்புக்குள் அப்படியே இருந்தாள், ஒருக்களித்தபடி, சுவரைப் பார்த்தபடி. தூக்கியபோது கழுத்து நிற்கவில்லை.

அவர் கத்திய கத்தலுக்குத் தெருவே ஓடி வந்தது. கம்பிக்காரர் வந்தார், பேக்கரி முதலாளி வந்தார். மெக்கானிக் மறுபடியும் ஒரு லாரியைக் கிளப்பினான். இந்த முறை அவன் ஓட்டிக்கொண்டுபோய்க் காப்பாற்ற அம்மா மட்டும்தான் மிஞ்சியிருந்தாள்.

டாக்டரம்மா அவரை ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்றைக்கு அவரிடம் அவசரம் இல்லை.

"ரூமுக்குள்ள கரி எரிஞ்சுதா?"

"எரியலீங்க. பழுத்த கரிங்க. புகையே கிடையாதுங்க. நானே குனிஞ்சு பாத்தேங்க."

"கரியிலேருந்து ஒரு விஷ வாயு வரும், அதுக்குப் புகை கிடையாதுங்க. நிறம் இல்ல, வாசனை இல்ல. சிவப்பா கங்கு இருக்கிற வரைக்கும் அது வந்துட்டே இருக்கும். திறந்த இடத்துல காத்தோட போயிடும். மூடின ரூம்ல போக வழியில்ல. ரத்தத்துல காத்து சேர விடாது. தலைவலி வரும், தூக்கம் வரும், உதடு கன்னமெல்லாம் சிவந்துடும். அவ்வளவுதான் தெரியும்." கழுத்திலிருந்த ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "சின்னப் பிள்ளைங்க வேகமா மூச்சு விடுவாங்க. அதனால அவங்களைச் சீக்கிரம் பிடிச்சிடும். நீங்க என்ன தொழில்னு அன்னைக்கே நான் கேட்டிருக்கணும்."

"புகையே இல்லீங்களே" என்றார் பெட்டிக்காரர் மறுபடியும். யார் வந்து என்ன சொன்னாலும் அன்று முழுவதும் அவர் இதையேதான் சொன்னார். தெருவுக்கே கேட்கும் குரல், பக்கத்தில் உட்கார்ந்தவருக்கே கேட்காமல் போயிருந்தது.

பிள்ளையை எடுத்துப் போனபிறகு, மெக்கானிக் இடுக்கியோடு வந்து கதவு நிலையிலிருந்த ரப்பர் பட்டைகளைப் பிடுங்கினான். யாரும் பிடுங்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு ஆணியாக இழுத்தான், அழுதுகொண்டே இழுத்தான். போதும்டா என்று மாடி அக்கா சொன்னதை அவன் காதில் வாங்கவில்லை. அடித்தபோது ஒழுங்காக, நெருக்கமாக அடித்திருந்ததால் பிடுங்குவதற்கு வெகுநேரம் ஆயிற்று.

அம்மாவுக்கு உயிர் தங்கிவிட்டது. கதவோரம் படுத்ததால் என்றார்கள். மூக்கில் குழாயோடு, கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். பிள்ளை இல்லை என்று சொன்னபோது அவள் அழவில்லை. யாருக்கோ நடந்ததைக் கேட்பதுபோலக் கேட்டாள். பெட்டிக்காரர் பகலெல்லாம் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நர்ஸ் கொடுத்த ரொட்டியை அவளுக்கு டீயில் தோய்த்துக் கொடுப்பார். அவள் வாயைத் திறப்பாள், விழுங்குவாள். அவளுக்குக் கை நடுக்கம் இருந்தது. அது போக நாளாகும், போகாமலும் இருக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

மாடி அக்கா பார்க்க வந்துவிட்டுப் போன மறுநாள், மனைவி தானாகவே பேசினாள்.

"நடுவுல ஒரு தடவ வீட்டுக்கு வந்தீங்களாமே?"

"ம்."

"எனக்குத் தெரியல. எதுவும் தெரியல. அந்த உறைய முடிச்சிட்டுப் படுப்போம்னு நினைச்சேன். கை ஓடல." மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி கேட்டாள். "அப்ப பாப்பா எப்படி இருந்தா?"

"தூங்கிட்டு இருந்தா."

"மூச்சு விட்டாளா?"

பெட்டிக்காரர் தன் கையைப் பார்த்தார். "விசில் சத்தம் கேக்கல. உதடு நல்லா சிவந்து இருந்துச்சு. சரி, பிள்ளைக்குக் குணமாயிடுச்சுன்னு நினைச்சேன்."

பக்கத்துப் படுக்கையில் யாரோ இருமினார்கள். அது நின்றபிறகு அடுத்த படுக்கையில் ஆரம்பித்தது. அவள் அதெல்லாம் ஓயட்டும் என்று காத்திருப்பதுபோல இருந்தாள்.

"போறப்ப கதவைக் கொஞ்சம் திறந்து வச்சிட்டுத்தானே போனீங்க?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். நம்புவதற்காகத்தான் அப்படிக் கேட்டாள் என்பது அவருக்கும் புரிந்தது. ஆனால் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அவளிடம் கத்தியிருக்கிறார், திட்டியிருக்கிறார், பொய் மட்டும் சொன்னதில்லை. பொய் சொல்லாத அந்த ஒரு வழக்கம் இல்லாமல் போயிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"இல்லம்மா. வெளிய தூசியா இருந்துச்சு. ரப்பர் நல்லா கவ்வுற வரைக்கும் இழுத்துச் சாத்திட்டுத்தான் போனேன்."